ஞாயிறு தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் கடிதம்: பொங்கல் பருவமும் பிள்ளைகளின் இதழும்

யாங்கோன்
தை மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நல்லபடியாக முடிந்தது. கோலத்துக்கும் கும்மிக்கும் உழைத்த பிள்ளைகளுக்குப் பாராட்டுகள். அரையாண்டுத் தேர்வில் பெரும்பாலோர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். விடைத்தாள்கள் அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரும், கையெழுத்திட்டு அனுப்புங்கள். திருக்குறள் ஒப்பித்தலில் சிறு வகுப்பினர் பெரிய வகுப்பை முந்திவிட்டார்கள். பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடும் சின்லோன் ஆட்டமும் நடந்தது. மூன்றாம் வகுப்பு அறையின் மின்விசிறி மறுபடியும் சுற்றுகிறது.

இனி இதழுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே பெரும்பாலும் அதற்காகத்தான்.

மார்ச் 20 ஐக்கிய நாடுகள் சபை குறித்துள்ள உலக மகிழ்ச்சி நாள். 2013 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்கு அடுத்த ஞாயிறன்று, அன்றாட மகிழ்ச்சியைப் பற்றி நம் பிள்ளைகளே எழுதி, வரைந்து, மடித்துத் தைத்த ஒரு சிறிய இதழ் உங்கள் கையில் இருக்கும் என்று சொல்லியிருந்தோம். குடும்பத்துக்கு ஒன்று என 50 பிரதிகள். விற்பனைக்கு அல்ல, விளம்பரமும் கிடையாது. பரிசு வாங்கிய நாள், ஊருக்குப் போன நாள் போன்ற பெரிய சந்தோஷங்கள் வேண்டாம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் நடக்கக்கூடியது எதுவோ அது போதும் என்றும் வகுப்பில் விளக்கியிருந்தோம்.

முதல் தவணையாகப் படைப்புகள் வந்து சேர்ந்தன. கையெழுத்தெல்லாம் மணி மணியாக இருக்கிறது. அங்கேதான் எங்களுக்கு முதல் சந்தேகம் வந்தது.

பதினொரு தாள்கள் "மகிழ்ச்சி என்பது" என்று தொடங்குகின்றன. இரண்டு தாள்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றே. செல்போனில் சுற்றிவந்த ஒரே செய்தியை இரண்டு வீடுகள் பார்த்து எழுதியிருக்கின்றன. இன்னும் சில, செல்போனிலேயே கேட்டு வாங்கியவை. எட்டு வயதுப் பிள்ளை "உளவியல் ரீதியாக" என்று எழுதாது என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒரே ஒரு தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யாருடையது என்பது வேண்டாம். முன்பக்கத்தில் பேனாவில் அழகாக எழுதியிருந்தது: "மின்சாரம் மனித வாழ்வின் இன்றியமையாத தேவையாகும். அது கிடைக்கும்போது நாம் அனைவரும் மகிழ்ச்சி அடைகிறோம்." தாளைத் திருப்பினால் பென்சிலில் அடித்துப்போட்ட வரிகள்: "கரண்ட் வந்ததும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மீ லா பி என்று கத்துவார்கள். அப்பாயி மட்டும் கத்தாது. மோட்டாரைப் போடு மோட்டாரைப் போடு என்று சொல்லும்."

எங்களுக்கு வேண்டியது அந்தப் பின்பக்கம். கரண்ட் போய் வரும் தெருவில் குடியிருக்கிற எவரும் அதைப் படித்ததும் சிரித்துவிடுவார்கள். அடுத்த முறை எப்போது போகுமோ என்று, விளக்கு எரிவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டியை நினைக்கிற அந்தப் பாட்டி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார். முன்பக்கத்தில் இருப்பது எந்த ஊருக்கும், எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதனாலேயே அதில் யாரும் இல்லை.

"கத்தாது, சொல்லும்" என்று பாட்டியை எழுதியது மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். வீட்டில் நாம் அப்படித்தான் பேசுகிறோம், பாசமாகத்தான் பேசுகிறோம். "மீ லா பி" பர்மியச் சொல்லாயிற்றே என்று அடித்திருக்கலாம். அதற்கும் அவசியமில்லை. முகத்தில் பூசும் தனக்கா, காலையில் சாப்பிடும் மொகிங்கா, ஏறிப்போகும் சைக்கா எல்லாம் பிள்ளைகள் வாயில் எப்படி வருகின்றனவோ அப்படியே தமிழ் எழுத்தில் வரட்டும். இந்த இதழில் அவற்றுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதப்போவதில்லை. இங்கே எந்த வீட்டுக்கு மொகிங்கா என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது?

வீட்டில் எப்படி உதவலாம் என்று சிலர் கேட்டீர்கள். இருபது நிமிடம் போதும். முதலில் பிள்ளை எழுத வேண்டாம், பேசட்டும். நீங்கள் செல்போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். "உனக்கு ஏன் சந்தோஷமாக இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்வார்கள். "மகிழ்ச்சி என்பது" அங்கிருந்துதான் பிறக்கிறது. எங்கே இருந்தாய், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சத்தம் கேட்டது, கையில் என்ன வைத்திருந்தாய் என்று கேளுங்கள். பிறகு பதிவைப் போட்டுக்காட்டுங்கள், பிள்ளை அதைக் கேட்டு எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் அடிக்கோடு மட்டும் போடுங்கள். மேலே திருத்தி எழுத வேண்டாம். ர, ற மாறியிருந்தால் அச்சுக்கு முன் நாங்கள் சரிசெய்துகொள்வோம். வாக்கியத்தை மாற்ற மாட்டோம். பொருள் புரியாவிட்டால் பிள்ளையைத்தான் கேட்போம். இன்னொரு விதி: "மகிழ்ச்சி" என்ற சொல் கட்டுரைக்குள் எங்கும் வரக்கூடாது. அட்டையில் ஒருமுறை இருக்கிறது, அது போதும்.

நீளம் 80 முதல் 120 சொற்கள். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளைக் குறுக்கே ஒருமுறை மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம். 8 தாளுக்கு 32 பக்கம். 12 புள்ளி எழுத்தில், ஓரம் விட்டு, ஒரு பக்கத்தில் சுமார் முப்பது வரி. தலைப்பும் சிறு படமும் போக 120 சொல்தான் நிற்கும். 50 பிரதிக்கு உள்தாள் 400; ஒரு ரீம் 500 தாள். மீதி 100 வீணாகிற தாள்களுக்கு. முதல் தடவை அச்சடிப்பவர்களுக்கு அதுவும் அதிகமில்லை. அட்டைக்குக் கொஞ்சம் கனமான 180 கிராம் தாள் தனியாக 50.

தேதியைப் பற்றி ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்காக: இப்படி மடிக்கிற இதழில் பக்கங்கள் வரிசையாக அச்சாவதில்லை. வெளித்தாளின் ஒரு புறத்தில் 32-ம் 1-ம், மறுபுறத்தில் 2-ம் 31-ம் அருகருகே வரும். நடுத்தாளில்தான் 16-ம் 17-ம் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். எந்தத் தாளிலும் ஜோடியைக் கூட்டினால் 33 வர வேண்டும். ஆகவே ஒரு கட்டுரை கடைசி நேரத்தில் ஒரு பக்கம் நீண்டால், பின்னால் வருகிற எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளும், ஜோடி அத்தனையும் குலையும். பக்கம் கூட்ட வேண்டுமென்றால் நான்காகத்தான் கூட்ட முடியும். உங்கள் வீட்டில் ஒரு நாள் தாமதம் என்பது இங்கே ஆசிரியைகளுக்கு ஓர் இரவு வேலை.

படங்களில்தான் அதிகம் கோளாறு. பென்சில் கோடு நகலில் மங்கிவிடும், நீலப் பேனா பாதி தெரியும், மஞ்சள் வண்ணம் சுத்தமாகக் காணாமல் போகும், சிவப்பு கறுப்பாகிவிடும். ஆகவே கறுப்புப் பேனா, கோடு போடாத வெள்ளைத்தாள். நோட்டுப்புத்தகத் தாளில் வரைந்தால் கோடுகளும் சேர்ந்தே அச்சாகும். வெகு தூரத்திலிருந்து வருபவர்கள் படத்தைச் செல்போனில் எடுத்து அனுப்பலாம். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். வைபரிலோ மெசஞ்சரிலோ சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும்; "ஃபைல்" என்று இணைத்து அனுப்புங்கள். அரைப்பக்கப் படத்துக்கு அகலம் 1700 பிக்சலுக்குக் குறையாமல் வேண்டும். பிள்ளைகளின் புகைப்படம் போடுவதில்லை, வீட்டு முகவரி தெரியும் எதுவும் போடுவதில்லை. பெயரும் வகுப்பும் மட்டும்.

சில வீடுகளில் தட்டச்சு செய்து தருகிறீர்கள், நல்லது. யூனிகோடில் இருக்கட்டும். பர்மிய எழுத்தில் பழைய சோஜீ எழுத்துருவும் யூனிகோடும் கலந்து நாம் பட்ட பாடு மறந்திருக்காது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. தமிழிலும் பழைய எழுத்துருவில் அடித்தால் நம் கணினியில் வெறும் குப்பையாகத்தான் தெரியும். நகல் கடைக்கு நாங்கள் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோகிறோம். வேர்டு கோப்பாகக் கொடுத்தால், தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்தெல்லாம் கட்டங்களாகிவிடும், அல்லது "கொ"வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் இடம் மாறிப் போய் நிற்கும். இருபுறமும் அச்சிடும்போது குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்ல வேண்டும். நீள விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஆகவே 50 பிரதிக்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, 1 முதல் 32 வரை புரட்டிப் பார்த்த பிறகுதான் மற்றவை. பள்ளியிலேயே அச்சிடலாமே என்று ஒருவர் கேட்டார். லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை நம் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. ஜெனரேட்டர் உள்ள கடைதான் வழி. கோடையில் கரண்ட் நேரம் இன்னும் சுருங்கும் என்பதால் மார்ச் முதல் வாரத்திலேயே அச்சை முடித்துவிட நினைக்கிறோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர்கள் எழுதியது என்று தெரிகிற எந்தப் படைப்பும் இந்த இதழில் வராது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வராது. நிர்வாகக் குழுவினர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வராது. இதில் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை, ஏனெனில் தவறு அவர்களுடையது அல்ல. தாள் பெற்றோர் கையிலேயே திரும்பி வரும். ஒரு பிள்ளை தானாக எழுதிக் கொண்டுவந்த மூன்று வரியை அடித்துவிட்டு நாம் பத்து வரி எழுதிக்கொடுத்தால், அதற்குப் புரிவது ஒன்றுதான்: என் தமிழ் போதாது. அதன்பின் அது தமிழில் எழுதாது. வாரம் ஒரு காலை நேரம் நாங்கள் சேர்த்து வைப்பதை ஒரு மாலையில் கலைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. ஏன் திருத்துகிறீர்கள் என்பது புரியாமல் இல்லை. வாரம் முழுதும் பர்மிய மொழியில் படிக்கிற பிள்ளை. ஊரிலிருந்து யாராவது இந்த இதழைப் பார்த்துவிட்டு "ரங்கூன் பிள்ளைகளின் தமிழைப் பார்" என்று சிரித்துவிடக் கூடாதே என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனால் வந்த தாள்களில் பிள்ளைகளே எழுதியவை என்று நாங்கள் எடுத்துவைத்தவற்றில் சிரிப்புக்கிடமானது எதுவும் இல்லை. மழையில் சைக்காக்காரர் பிளாஸ்டிக் சீட்டை இழுத்து மூடியதும் "உள்ளே நானும் தம்பியும் மட்டும்" என்று ஒரு வரி. முதலில் பிய்ந்த தோசை தனக்குத்தான் கிடைக்கும் என்று ஒரு வரி. ஆசிரியைகள் அதை ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்ப எழுத வேண்டிய தாள்கள் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. பின்பக்கத்தில் பென்சில் வரி இருந்தால் அதையே அனுப்பிவிடலாம், புதிதாக எழுத வேண்டாம். பிப்ரவரி 15 கடைசி நாள். எழுதவே பிடிக்காத பிள்ளை ஒரு படம் மட்டும் தரலாம், அல்லது மடிப்பு வேலைக்கு வரலாம். மார்ச் இரண்டாம் ஞாயிறு காலை மண்டபத்தில் பாய் விரித்து மடிக்கிறோம். அட்டையை அப்படியே மடித்தால் முதுகில் வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு மடிக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், மேலிருந்தும் கீழிருந்தும் 5 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. தீர்ந்த பேனாக்கள் வீட்டில் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். இந்த ஒரு தடவை அவற்றுக்கு வேலை இருக்கிறது.

காகித விலை இருக்கிற நிலையில் ரீமும் அட்டைத்தாளும் தாமாகவே வாங்கித் தந்த குடும்பங்களுக்கும், வெயிலில் நடந்து நகல் கடைகளில் விலை விசாரித்து வந்த அப்பாமார்களுக்கும், மடிப்பு நாளுக்குச் சமையல் தம் பொறுப்பு என்று சொல்லியிருக்கும் அம்மாமார்களுக்கும், ஞாயிறுதோறும் ஆற்றைக் கடந்து பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் பாட்டிமார்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடுவரை எட்டாது என்பதால் நீளக்கை ஸ்டேப்ளரை இரவல் தந்திருக்கும் குடும்பத்துக்கு: இதழ் முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தருகிறோம். 24/6 பின் இரண்டு பெட்டி நாங்களே வாங்கிவிட்டோம்.