மேகத்தை விடு, மரத்தைப் பார்

அன்புள்ள சேகர்,

கோத்தகிரியில் வீடு வாங்கியே விட்டாய், ரொம்ப சந்தோஷம். உன் முழங்காலுக்கு அந்தப் படிக்கட்டு ஒத்துவருமா என்பதுதான் என் கவலை. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வாசலில் ஒரு பூந்தொட்டி மிஞ்சவில்லை.

சரி, சோலார் விஷயம். பாதி நாள் மேகம் மூடிக்கிடக்கிற ஊரில் இதைப் போட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறாய். குன்னூரில் எங்கள் தகரக் கூரையில் 3 கிலோவாட் ஓடுகிறது, அந்த தைரியத்தில் சொல்கிறேன், மேகம் நீ நினைக்கிற அளவுக்கு வில்லன் இல்லை. நவம்பரில் நாள் முழுக்க மூடுபனியும் தூறலுமாக இருந்தால் 2, 3 யூனிட் வருவதே பெரிது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஜனவரியில் வானம் நீலமாகத் திறந்துகொள்ளும் பார், அப்போது ஒரே நாளில் 14 யூனிட் வரை பார்த்திருக்கிறேன். குளிரும் இதற்கு நல்லதுதான். பேனலின் திறனை 25 டிகிரி சூட்டில் வைத்துத்தான் அளந்து எழுதுகிறார்கள், அதற்கு மேல் பேனல் சூடேறச் சூடேற உற்பத்தி இறங்கும். மதுரை மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற பேனல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே இழந்துவிடும். நமக்கு அந்த நஷ்டம் குறைவு.

ஜெர்மனியில் ஒரு கிலோவாட் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 1,000 யூனிட்தான். இருந்தும் ஊர் ஊராகப் போட்டிருக்கிறார்கள் என்றால் அங்கே கரண்ட் விலை அப்படி. நம் ஊரிலும் பார்க்க வேண்டியது அதைத்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் முதல் கொஞ்சம் யூனிட் இலவசம், 500 வரைக்கும் விலை தாங்கும்படி இருக்கிறது, அதைத் தாண்டினால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், 1,000 தாண்டினால் கிட்டத்தட்ட பன்னிரண்டு. நீயும் தங்கச்சியும் மட்டும் இருந்து 300 யூனிட்டில் காலம் தள்ளினால் பில் ஆயிரத்தைக்கூடத் தொடாது, அதை மிச்சம் பிடிக்க எதற்கு லட்சக் கணக்கில் செலவு? பேசாமல் இரு. ஆனால் பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வரப்போகிறான், கீசர், ரூம் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, அப்படியானால் 700-ஐத் தொடும், பில் நாலாயிரத்தை நெருங்கும். அதில் ஒரு 400 யூனிட்டை சோலார் எடுத்துக்கொண்டால் நீ கட்டுவது மறுபடி 300-க்கான தொகை. ஒவ்வொரு பில்லிலும் மூவாயிரம் மிச்சம். இதற்கு 2 கிலோவாட் போதும், மத்திய அரசு மானியம் 60,000 கிடைக்கும். போட்ட பணம் அஞ்சாறு வருஷத்தில் திரும்பிவிடும். கீசர் விடியற்காலையில் ஓடும், பேனல் மத்தியானம் கொடுக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதே, நெட் மீட்டர், அதாவது வருகிற கரண்டையும் போகிற கரண்டையும் எண்ணுகிற மீட்டர், வைத்தால் நீ கம்பியில் ஏற்றியதைக் கழித்துக்கொண்டுதான் பில் போடுவார்கள்.

அப்புறம், கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று நினைத்துவிடாதே. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி ஈ.பி. லைனோடு சேர்க்கிற பெட்டிதான் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், சாதாரணமாக அது லைன் போனால் தானும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். காற்றடித்தால் மரம் சாய்ந்து லைன் அறுந்து போகிற ஊர் நம்முடையது. உச்சி வெயிலில் கூரை நிறைய பேனலை வைத்துக்கொண்டு கீழே மிக்சி ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்குப் போட வந்தவர் நாங்களாகக் கேட்கிற வரைக்கும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேட்டரி வேண்டுமென்றால் அதையும் சேர்த்து ஓட்டுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேள், விலை நன்றாகவே ஏறும். என்னைக் கேட்டால் பழைய பேட்டரி இன்வெர்ட்டரே விளக்குக்கும் ஃபேனுக்கும் போதும். கோத்தகிரியில் ஃபேன் எதற்கு, அது வேறு.

உன் வீட்டில் எனக்கு உறுத்துவது மேகமில்லை, தெற்கு வேலியில் நிற்கிற அந்த சில்வர் ஓக் வரிசை. போட்டோவில் பார்த்தேன். பேனலுக்குள் வெயிலைக் கரண்டாக்குகிற சின்னச் சின்னத் தகடுகள், செல்கள் என்பார்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், தோட்டத்து ஹோஸை ஓரிடத்தில் மிதித்தால் நுனியில் தண்ணீர் குறைகிற மாதிரி ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்த வரிசையின் கரண்டும் குறையும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்தால் பக்கத்துப் பேனலாவது தப்பிக்கும், நிழல் விழுந்தது விழுந்ததுதான். அதோடு, நமக்கு வானம் தெளிவாக இருக்கிற டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், மரநிழல் நீண்டு கூரைமேல் விழும். சம்பாதிக்கிற மாசத்தில் போய் நிழல்! வெட்டிவிடலாம் என்று நினைக்காதே, மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதிக்கு அலைய வேண்டும். கிளை கழிப்பதற்கும் கேட்டுக்கொண்டே செய்.

குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி உடையவில்லை, ஆனால் தொங்குகிற வயரை இழுத்துப் பார்க்காமல் விடாது. வயரெல்லாம் பைப்புக்குள் போகட்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

டிசம்பர் வரும்போது வெயிலடிக்கிற ஒரு நாளில் காலை 9, மத்தியானம் 12, சாயங்காலம் 3 மணிக்குக் கூரையைப் போட்டோ எடுத்து அனுப்பு, கூடவே போன இரண்டு ஈ.பி. பில்லையும். அதற்கு முன்னால் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு