தவக்களையை நடக்க வைத்த எங்கள் தெருக்காரர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், யார் யாருக்கு என்று எண்ண ஆரம்பித்ததில் கைவிரல் போதவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். யாரையாவது விட்டிருந்தால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், காப்பி உண்டு.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனையில் வருஷக்கணக்காக ஓடாமல் நிற்கும் டெம்போவுக்கு அடியில் செவலை என்கிற நாய் ஐந்து குட்டி போட்டது. மூன்று வாரத்தில் நாலு குட்டி தத்தக்கா பித்தக்கா என்று எழுந்து நடக்க, ஐந்தாவது மட்டும் வயிற்றைத் தரையோடு வைத்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் விரித்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் அன்றைக்கே தவக்களை என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பார்க்க அப்படியேதான் இருந்தது. மற்றதெல்லாம் முண்டியடித்துக் குடித்து முடித்த பிறகுதான் இது அம்மாவிடம் ஊர்ந்து போய்ச் சேரும், அதற்குள் செவலை எழுந்து போய்விடும்.

முதலில் காட்டிய இடத்தில் பிறவி ஊனம், ஊசி போட்டு உயிரை முடித்துவிடலாம் என்றார்கள். எந்த இடம் என்பது வேண்டாம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி அழுதேன். "எதுக்கு அழுதிய? ராமையன்பட்டில பெரிய மாட்டாஸ்பத்திரி இருக்குல்லா, அங்க காட்டிட்டு அப்புறம் அழுங்க" என்று சொல்லி, நான் சரி என்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்ட ஆட்டோ அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்கவில்லை.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, மூட்டு விலகவில்லை. இந்த மாதிரிக் குட்டிக்கு ஸ்விம்மர் பப்பி என்று பேராம். தசை வலுப்படுவது பிந்திப்போனதால் காலை உடம்புக்கு அடியில் இழுத்து வைக்க வரவில்லை, வழவழ தரையில் விட்டால் இன்னும் விரியும், குப்புறவே கிடந்தால் நெஞ்சு தட்டையாகி மூச்சுக்கும் சிரமம் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்த வயதிலேயே ஆரம்பித்தால் பெரும்பாலும் நடந்துவிடும் என்றும் சொன்னார். மருந்துச் சீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கையால் செய்ய வேண்டிய வேலைதான் மொத்தமும்.

அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பெண். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இழுபடும் பிளாஸ்திரியை எட்டுப் போட்ட மாதிரி சுற்றி, பின்னங்கால் இரண்டும் நேராக நின்றால் எவ்வளவு அகலம் இருக்குமோ அந்த இடைவெளியில் கட்டிக் காட்டினாள், பிறகு அவிழ்த்து என்னைக் கட்டச் சொன்னாள், நாலாவது தடவைதான் விட்டாள். பாதம் வீங்கியிருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும், குட்டி வளர்வதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும். நான் அதுவரை செய்துவந்த பெரிய தப்பையும் அவள்தான் பிடித்தாள். கைக்குழந்தையைப் போல மல்லாத்தி மடியில் போட்டு, அதுவும் பசும்பாலைப் புகட்டிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் மூக்கு வழியாகப் பால் வந்தது. நாய்க்குட்டி குப்புறக் கிடந்து தலையைத் தூக்கித்தான் குடிக்க வேண்டுமாம், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டிகளுக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது, அதையே கலக்கச் சொன்னாள். உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் காணாதும்மா.

ஒரு நாளைக்கு ஆறு வேளை பயிற்சி. நான் ஆபீஸ் போய்விட்டால் நடுவில் மூன்று வேளைக்கு யார்? பக்கத்து வீட்டு ஆச்சி. வாழ்க்கையில் நாயைத் தொட்டதில்லை, திண்ணையில் ஏறினால் விளக்குமாற்றை எடுப்பவர். "பேரன்மாருக்குக் கால் நீவுன கைதானே, கொண்டா" என்று மடியில் துண்டை விரித்துப் போட்டு, சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு காலாக மடக்கி நீட்டுவார். அப்புறம் பழைய டூத்பிரஷால் உள்ளங்காலை வருட வேண்டும், கூச்சத்தில் அது காலைத் தானே இழுக்க வேண்டும். முதல் வாரம் துணிபோலக் கிடந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, இடது காலில் ஒரே ஒரு விரல் சுருங்கி விரிந்தது. ஆச்சி பிரஷை என்னிடம் நீட்டி "நீ ஒருக்காப் பாரு, எனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். எனக்கும் தெரிந்தது.

டெய்லர் அண்ணன் பழைய லுங்கியில் நாலு ஓட்டை வைத்துத் தொட்டில் மாதிரி தைத்துத் தந்தார், அதில் கால் மட்டும் தரையில் படும்படி தொங்கவிட்டு நிற்கப் பழக்கினோம். மளிகைக்கடை அண்ணாச்சி தினமும் தன் தராசில் எடை போட்டார், அதோடு விடாமல் "தவக்களை 820!" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அறிவிப்பு வேறு. மெலிந்தாலும் ஆகாது, கால் தாங்காத அளவு கொழுத்தாலும் ஆகாது என்பதால் அந்தக் கணக்கு நிஜமாகவே உதவியது.

கீழ் வீட்டு சாருக்கு ஒரு தனி நன்றி, ஒரு மன்னிப்பும். குட்டி கத்துகிறது என்று நீங்கள் சொன்னபோது நான் எடுத்தெறிந்து பேசினேன். பத்தமடைப் பாயில் விட்டு அது வழுக்கிக்கொண்டே இருந்த நேரத்தில், ஒரு காலையில் எங்கள் வாசலில் பெரிய கயிற்றுப் பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. பழசு, சும்மா கிடந்தது என்றீர்கள். விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டீர்கள் சார்.

அந்தப் பாயில்தான் அது முதலில் நின்றது, ஐந்து வார வயதில், கேட்டுக்கு வெளியே செவலையின் குரல் கேட்டு. நான் பார்க்கவில்லை. ஆச்சி போன் போட்டு "நின்னுட்டா, நாலு எண்ணுறவரைக்கும் நின்னா" என்றார். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி மத்தியானமே கிளம்பிய விஷயம் எங்கள் மேனேஜர் இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

இப்போது பத்து வாரம். ஓடுகிறாள், திரும்பும்போது இடது பின்னங்கால் கொஞ்சம் வெளியே போகும், டைல்ஸில் இன்னும் வழுக்கும். பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் ஆயிற்று. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்ததும், ஆட்டோ அண்ணே, நீங்கள்தான் வர வேண்டும்.

அப்புறம், வாங்கிய சாமான்கள். மூன்றாம் வீட்டு வெந்நீர்ப் பையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், சாயங்காலம் பிள்ளையை அனுப்புங்கள். நீந்தவிட வாங்கிய நீல டப்பை மட்டும் திருப்பித் தர முடியாது, விளிம்பு பூராவையும் கடித்து வைத்திருக்கிறாள், புதுசு வாங்கித் தருகிறேன்.