ஐப்பசி மழைக்கு முன் ரூ.1,82,500 வேண்டும்: ஊர் வரலாற்று அறைக்காக ஒரு வேண்டுகோள்

மன்னார்குடி பெருமக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நூலக வாசகர் வட்டத்தின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஊர்க்காரர்களின் பழைய பத்திரம், நோட்டுகளைச் சேர்த்துவைக்க நூலகத்துக்குப் பக்கத்து வீட்டு மாடியில் தொடங்கிய ஊர், குடும்ப வரலாற்று அறைக்கு மொத்தச் செலவு ரூ.4,85,000. இதுவரை வந்தது ரூ.3,02,500. மீதி ரூ.1,82,500 அக்டோபர் 15க்குள் கைக்கு வர வேண்டும். அதற்கு அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும், தளவேலை நடக்காது. போன ஐப்பசியில் தளம் ஒழுகி, இரண்டு பெட்டிப் பத்திரங்களைக் கயிற்றுக் கட்டிலில் விரித்து ஃபேன் காற்றில் உலர்த்தினோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று ஓடு பறந்த வீடுகளில் நனைந்துபோன தகரப்பெட்டிக்குள் என்னென்ன காகிதம் இருந்தது என்று இப்போது அந்த வீட்டுக்காரர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

‘மன்னார்குடி மதிலழகு’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலாம் குலோத்துங்கன் காலத்து ராஜகோபாலசாமி கோயில், கடல் மாதிரி ஹரித்ராநதி தெப்பக்குளம் என்று பெருமைப்பட நிறைய உண்டு. ஆனால் நூலகத்துக்கென்று நமக்குத் தனிப் பெருமை ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை 1931இல் மாட்டுவண்டியில் புத்தக அலமாரி கட்டி, பக்கத்தில் இருக்கும் மேலவாசலில் நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தார். அந்த முயற்சிக்குத் துணை நின்றவர் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். சட்டம் வருவதற்கு 17 வருடம் முன்பே நம் கிராமங்களுக்கு வண்டியேறிப் புத்தகம் போய்விட்டது! குழுவின் மூத்தவர் ஒருவர் இந்தக் கதையை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். தீர்மானம் பாதியில் நிற்கும். நாங்களும் தடுப்பதில்லை.

சரி, அறை எதற்கு? சென்ற தை மாதம் மலேசியாவின் கிள்ளானிலிருந்து அக்கா தங்கை இருவர் வந்தார்கள். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். கையில் இருந்தது தோட்டத்துக் காகிதம் ஒன்று. அதில் முருகையன் என்று ஒரு பெயர், அப்பா பெயர், ‘மன்னார்குடி தாலுகா’, தெளிவாக இருந்தது அவ்வளவுதான். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார கிளார்க் எழுதிய எழுத்தில் மூன்று கிராமத்தைப் படிக்கலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். தலைமுறைக்குத் தலைமுறை அதுவும் மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வரும். இதில் எந்த முருகையன் யாருடைய முருகையன் என்று பட்டாவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று ஓரளவுக்குத்தான் பின்னே போகும். அதற்கு முன்னால் போக மூலப்பத்திரம், பழைய நில செட்டில்மெண்ட் பதிவேடு, பள்ளிக்கூட அட்மிஷன் ரெஜிஸ்டர், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அக்கா தங்கைக்கு வழிகாட்டியது இதில் எதுவும் இல்லை. ஒரு மொய் நோட்டு! 1950களில் நடந்த ஒரு கல்யாணத்தில், ‘பினாங்கு முருகையன் தம்பி’ என்று ஊர்ப் பெயரோடு இரண்டு ரூபாய் எழுதியிருந்தது. நான்காம் நாள் அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். அந்த நோட்டை அதற்கு முந்தின வாரம்தான் பழைய பேப்பர்காரரின் தராசிலிருந்து எடுத்து வந்திருந்தோம். ராஜகோபாலன் கருணை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. தளத்தைச் சுரண்டி, சுர்க்கி (செங்கல்தூள், சுண்ணாம்புக் கலவை) போட ரூ.1,10,000. இரும்பு ரேக், பீரோ ரூ.1,40,000. தைத்த நோட்டைப் பிரிக்காமல் மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் ரூ.1,65,000. பெயர், ஊர்வாரியாகப் பட்டியல் தட்டச்சு செய்யும் இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ரூ.60,000. ஹார்டு டிஸ்க், காகித உறை, சில்லறைச் செலவு ரூ.10,000. காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வசம்பு நாங்களே வாங்கிக்கொள்கிறோம். நூலகப் புரவலராக ரூ.1,000 கட்டியவர்கள் ‘கொடுத்தாச்சே’ என்கிறார்கள். அது நூலகத்துக்குப் போனது, இது வேறு கணக்கு.

கொடுத்தவர்களை மறந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. மாடியை வாடகையில்லாமல் விட்ட குடும்பத்துக்கும், பென்ஷன் வந்த அன்றே ரூ.25,000 கொண்டுவந்து கொடுத்து ‘பெயர் போடாதீங்க’ என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவுக்கும், லோடு ஏற்றிய கையோடு ரூ.10,000 தந்த அரிசி ஆலைக்காரருக்கும், கிள்ளானிலிருந்து இரண்டு தவணையாக ரூ.80,000 அனுப்பிய அந்த அக்கா தங்கைக்கும் நன்றி. மேலராஜ வீதியில் தினம் பத்து ரூபாய் எடுத்து வைத்து ரூ.1,500 ஆக்கிக் கொடுத்த பூக்காரம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. ‘எங்க வீட்ல பத்திரமும் இல்ல, படிச்சவங்களும் இல்ல. எங்க பேரையும் எதுலயாவது எழுதி வைங்க சாமி’ என்றார். அவர் மாமியார் சொல்லச் சொல்ல நான்கு தலைமுறைப் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வந்த பணத்தில் பாதிக்கு மேல் வெளியூர்ப் பணம். முதல் கூட்டத்தில் கைதட்டி, ஆளுக்கு ரூ.5,000 என்று பேர் கொடுத்தவர்களில் 14 பேர் இன்னும் தரவில்லை. யாரென்று நாங்கள் சொல்லப்போவதில்லை. பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் செருப்பு மாட்டுகிறவரை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். வசதி இப்போது இல்லையென்றால் ரூ.500 போதும். அதுவும் முடியாதென்றால் பரணில் கிடக்கும் பெட்டியைக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பித் தருகிறோம், மூலம் உங்களுடையதுதான்.

ஞாயிறு தோறும் காலை 10 முதல் 1 மணி வரை மாடியில் இருப்போம். வரவு செலவு நோட்டு மேசை மேலேயே இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். எண் போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தராதீர்கள், குழுக்காரர் என்றாலும்.