அக்காவுக்கு, ஆக்லாந்திலிருந்து

அன்புள்ள அக்கா,

நலம். குளிர் இன்னும் விடவில்லை. அரிசி, பருப்பு, புளியெல்லாம் சாண்ட்ரிங்ஹாம் கடைகளில் கிடைத்துவிடுகிறது, அம்மாவிடம் சொல்.

சனிக்கிழமை ஒரு வீடியோ பார்த்தேன், ‘சிவா இன் மோஷன்’ என்று. நம்ம சிவன் இல்லை; பசிபிக் கடலில் இருக்கும் சமோவாத் தீவு மொழியில் சிவா என்றால் நடனம். இந்த ஊர் ஆர்ட் கேலரிக்காக 2012இல் யூகி கிஹாரா செய்தது. அவருக்கு அம்மா வழி சமோவா, அப்பா வழி ஜப்பான். ஆணாகப் பிறந்து பெண் வழியில் வாழ்பவர்களை அங்கே ஃபாஃபாஃபினே என்கிறார்கள்; அவரும் அப்படித்தான்.

8 நிமிடம், சத்தமே இல்லை. கழுத்திலிருந்து கால்வரை மூடிய கறுப்பு கவுன், விக்டோரியா காலத்து வெள்ளைக்காரிகள் துக்கத்துக்கு உடுத்தியது. அதைப் போட்டுக்கொண்டு அவரே ஆடுகிறார். கை நகர்ந்த பிறகும் பழைய நிலை மறையாமல் தங்குவதால் ஒரு கை பல கையாகிறது. காளியா என்று கேட்காதே! 19ஆம் நூற்றாண்டில் மைபிரிட்ஜ், மரே என்று இரண்டு பேர் ஓட்டத்தையும் நடையையும் துண்டுதுண்டாகப் படம்பிடித்தார்களே, அந்த உத்தி. அந்தக் காலத்துக் கேமராக்காரர்கள் சமோவாப் பெண்களை அரைகுறை உடையில் நிறுத்தி அஞ்சலட்டை விற்றவர்கள். தாமஸ் ஆண்ட்ரூ என்ற புகைப்படக்காரர் 1886இல் எடுத்த ஒரு படத்திலோ ஒரு பெண் இப்படிக் கறுப்பு கவுனில் இருக்கிறாள். அவளைத்தான் கிஹாரா தன் வேடமாக எடுத்திருக்கிறார்.

அந்தக் கைகள் ஆடுவது 2009 செப்டம்பர் 29 அன்று சமோவாவை அடித்த சுனாமியை. அது தெரிந்ததும் இன்னொரு தடவை ஓடட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் சமோவா அக்காவிடம் சொன்னேன். இது தௌவாலுங்காவாம். கல்யாணத்தில் கடைசியாக ஆடுவது. நம்மூர்க் கரகாட்டத்தில் நோட்டு குத்துவதுபோல ஆடுபவருக்குப் பணம் போடுவார்களாம். சந்தோஷத்துக்கு ஆடுவதைக் கறுப்பு உடையில் ஆடுவது அந்த அக்காவுக்கு ஒப்பவில்லை. எனக்கு அதுவேதான் பிடித்தது.

நம்ம 2004 சுனாமி நினைவுநாளுக்கு, டிசம்பர் 26க்கு, கீச்சாங்குப்பத்துக்காரர்கள் உன்னிடம் நடனம் படிக்கும் பிள்ளைகளை ஆடச் சொன்னபோது, செத்தவர்கள் வீட்டு வாசலில் சலங்கை கட்டமாட்டேன் என்றாயே. சலங்கை வேண்டாம், பாட்டும் வேண்டாம், முகத்தில் அழுகையும் காட்டவேண்டாம். கையை மட்டும் வைத்து ஐந்து நிமிடம் செய்து பாரேன். யாரையாவது வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போடச் சொல். அத்தானிடம் கொடுக்காதே, போன தடவை எல்லார் தலையையும் வெட்டிவிட்டார்.

உன் தங்கை