வெல்டரைக் கூப்பிடணும்

அக்கா,

அம்மா விழுந்து நாளையோடு ஒரு வருஷம். போனில் பேசினால் ரெண்டு பேருமே கத்திவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் டைரியைப் புரட்டியதுதான் கண்ணிலேயே நிற்கிறது. அளவு எழுதும் டைரி, ஓரமெல்லாம் நீல சாக்பீஸ் பொடி. சித்தி, மதினி எல்லோரும் நிற்க, பக்கம் பக்கமாகத் திருப்பி, "வெல்டர்... இங்கயும் வெல்டர்..." என்று வாசித்தாய். 11 நாள். மாடிப்படிக் கைப்பிடி ஆடுவது தெரிந்து, 11 நாளும் என் கையாலேயே எழுதியிருந்தேன்.

ஓணத்துக்கு முந்தின நாட்கள். ஆரியங்காவு, தென்மலை ஆட்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பிளவுஸ் வேண்டும். தினமும் 20 வரி எழுதுவேன். கொக்கி வைப்பது, மேட்சிங் நூல் வாங்குவது, கரண்ட் பில் என்று சின்ன வேலைகளை முதலில் முடித்து அடித்துவிடுவேன். ஏற்கெனவே முடித்ததைக்கூட எழுதி அடித்திருக்கிறேன், கோடு போடும்போது கிடைக்கிற நிம்மதிக்காக. வெல்டரை ராத்திரி அடுத்த பக்கத்துக்கு மாற்றுவேன். மாற்றி எழுதியதுமே பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

முடிக்காமல் விட்ட வேலைதான் மனதில் நிற்கும் என்று புளூமா ஸைகார்னிக் என்ற மனோதத்துவ ஆய்வாளர் 1927-லேயே எழுதியிருக்கிறார். எனக்கு நிற்கவில்லை அக்கா. அப்புறம் மசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற ரெண்டு பேரின் 2011 ஆய்வைப் பற்றிப் படித்தேன். எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுவிட்டாலே, வேலை முடியாமலேயே மனதின் அரிப்பு அடங்கிவிடுமாம். நான் அந்தத் திட்டம்கூடப் போடவில்லை. வெல்டர் எந்தக் கிழமை பட்டறையில் இருப்பார், யார் போய்க் கூப்பிடுவது, ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த ஆடியில் நீயும் அதே கைப்பிடியைப் பிடித்துத்தானே மாடி ஏறினாய்? "ஏட்டி, இதை ஆளு விட்டுப் பாரு" என்றாய், சாயங்காலமே புனலூர் ரயில் ஏறிவிட்டாய். பாதை மாற்றுகிறார்கள், ரயில் இல்லை என்று முன்பெல்லாம் சொல்வாய். 2018-இல் அகலப் பாதை வந்துவிட்டது, நடுவில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. அப்போதும் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான். வராந்தாவில் கடைசியாக நீ சொன்னதை இங்கே எழுதவில்லை, நம் ஆட்கள் படிப்பார்கள்.

அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டது நீதான். உன் இடுப்பு வலி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இப்போது தினமும் அஞ்சே வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம். ஒரு வேலை மூன்று நாள் தள்ளிப்போனால், மறுநாள் ஷட்டரைத் தூக்குமுன் அதைச் செய்ய வேண்டும். இல்லை, என்னால் முடியாது என்று சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த ஓணத்துக்கு எட்டுப் பேரிடம் முடியாது என்றேன். கோபித்துக்கொண்டார்கள். சரி.

படிக்கு இப்போது ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். இருந்தாலும் அம்மாவுக்குக் கீழ் அறையைத்தான் ஒழித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வரி அம்மாவைக் கூட்டி வருவது. காலை ரயிலில் வருகிறேன். வாக்கரையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து வை.