தள்ளாடிய காவலரும் நான்கு நண்பர்களும்

அன்புள்ள கயல்விழிக்கு, அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். பேருந்தில் ஒரு மூதாட்டியிடம் நடத்துநர் கத்துகிறார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, மொத்தமே முப்பது விநாடி. "இவன் வேலை போகும்வரை பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசினால் வாக்குவாதமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

2015 ஆகஸ்டில் டெல்லி மெட்ரோ ரயிலில், சீருடையிலிருந்த காவலர் ஒருவர் நிற்க முடியாமல் தள்ளாடி விழுந்த காணொளி நாடெங்கும் பரவியது. குடித்துவிட்டு வந்தவர் என்று பார்த்தவர்களெல்லாம் தீர்ப்பெழுதினார்கள். துறையும் அவரை இடைநீக்கம் செய்தது. கேரளத்தைச் சேர்ந்த அந்த மனிதரோ பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர். அவர் குடித்திருக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்து மீண்டும் பணியில் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும், போன மானத்துக்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. காணொளியில் பொய்யே இல்லை என்பதைக் கவனி. தள்ளாடியது உண்மை, விழுந்ததும் உண்மை. காரணத்தை மட்டும் நாம் எழுதிக்கொண்டோம்.

நாம் என்பதில் நானும் அடக்கம். அதை நான்கு நண்பர்களுக்கு, சிரிப்புப் பொம்மையும் சேர்த்து, அனுப்பியவன் நான். பிறகு உண்மை செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்தபோது படித்தேன், வருந்தினேன், தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தச் செய்தியை ஒருவருக்கும் அனுப்பவில்லை.

உண்மையிலேயே தவறு செய்தவராக இருந்தால் என்ன என்று நீ கேட்பாய். 2013 டிசம்பரில் லண்டனிலிருந்து கேப்டவுனுக்கு விமானமேறிய ஒரு பெண், நிறவெறி தொனிக்கும் மட்டமான நகைச்சுவை ஒன்றை ட்விட்டரில் எழுதிவிட்டுக் கிளம்பினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 170 பேர்தான். பதினோரு மணி நேரம் கழித்து அவர் தரையிறங்கியபோது, அவருக்கு வேலை போவதை வேடிக்கை பார்க்க உலகமே காத்திருந்தது; போயிற்று. அவர் எழுதியது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் குற்றவாளி வானத்தில் இருக்கும்போதே முடிந்துவிட்ட விசாரணை அது.

2018இல் மீ டூ என்று பாலியல் தொல்லைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பெண்களை இதோடு சேர்த்துவிடாதே. அவர்களில் பலர் தமக்கே நேர்ந்ததை, வேறு கதவு திறக்காததால், அதிகாரம் படைத்தவர்களுக்கு எதிராகச் சொன்னார்கள். இந்த நடத்துநரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? புகார் செய்ய வேண்டுமென்றால் பேருந்தின் எண் இருக்கிறது, பணிமனை இருக்கிறது.

என் நான்கு நண்பர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. மற்ற இருவருக்கும் அந்தக் காவலரைப் பற்றிய உண்மையை நேற்று இரவுதான் எழுதி அனுப்பினேன். ஒருவர் இன்னும் பார்க்கவில்லை. மற்றவர், "எந்தக் காவலர்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா