யாருடன் பேசுவது என்று தெரியாமல் போன மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனாதிபதி ஒரு கட்சியிலும் பாராளுமன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சியிலும் இருப்பதுதான் தமிழ் மக்களுக்குப் பாதுகாப்பு என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தேசிய மக்கள் சக்தியிடம் சனாதிபதிப் பதவியும் உண்டு, பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களும் உண்டு. தட்டிக்கேட்க ஆளில்லையே என்ற கட்டுரையாளரின் அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் 2001 டிசெம்பர் முதல் 2004 ஏப்ரல் வரை இந்த நாட்டில் அதே பிளவு இருந்தபோது எங்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் காலத்தில் யாழ் மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் மீள்குடியேற்றக் கோவைகளைப் பார்க்கும் எழுதுவினைஞராக இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2001 டிசெம்பர் 5 தேர்தலில் ரணில் விக்கிரமசிங்க தலைமையிலான ஐக்கிய தேசிய முன்னணி 109 ஆசனங்களைப் பெற்றது. முஸ்லிம் காங்கிரசின் ஐந்தையும் சேர்த்தால் 114. அரசாங்கம் அமைக்க அது போதும். ஆனால் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் பதவிக்காலம் முடியவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அமைச்சரவைக்குத் தலைமை தாங்குபவர் அவர். முப்படைகளின் தளபதியும் அவரே. எந்த அமைச்சையும் தன் கையில் எடுக்கலாம். தேர்தல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் பாராளுமன்றத்தை நினைத்த நாளில் கலைக்கலாம். தன்னைத் தோற்கடித்தவர்களின் அமைச்சரவைக்கு அவர் தலைமை தாங்கினார். தங்களை எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பக்கூடியவரின் கீழ் அவர்கள் ஆட்சி செய்தார்கள்.

2002 பெப்ரவரி 22இல் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. தன்னிடம் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று சனாதிபதி குறைப்பட்டார். அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டின் தலைவரை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு போரை முடிக்க முடியாது. அவரையும் கட்சியையும் உள்ளே இழுத்துக்கொள்ளப் பிரதமர் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பதே என் எண்ணம். ஓராண்டுக்குப் பிறகு கலைக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த அரசாங்கம் அதே ஆண்டு ஒரு திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அது இருந்தபடி நிறைவேற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் தேவை என்றது உயர் நீதிமன்றம். 114 பேரை வைத்துக்கொண்டு 150 வாக்குக்கு எங்கே போவது? முயற்சி அங்கேயே நின்றது.

எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏ-9 வீதி திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் மணிக்கணக்காக வரிசையில் நின்றாலும் மக்கள் சிரித்த முகத்தோடு நின்றார்கள். 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் அலுவலகத்துக்கு வந்து, உறுதிகளையும் பழைய குடும்ப அட்டைகளையும் மேசையில் விரித்து, தங்கள் காணி எந்தக் குறிச்சியில் இருக்கிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார்கள். மயிலிட்டியிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் மல்லாகம் கோணப்புலம் முகாமில் அப்போதே பத்து வருடத்தைக் கடந்திருந்தன. தாய்லாந்தில், ஒஸ்லோவில், ஜப்பானில் என்று பேச்சு நடந்தது. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி அமெரிக்க டொலர் தருவதாக உறுதி கூறின. வீட்டுக் காசு எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு, வரும் என்று சொல்ல எங்களுக்கும் ஒரு காரணம் இருந்தது.

விடுதலைப் புலிகள் 2003 ஏப்ரலிலேயே பேச்சிலிருந்து விலகினார்கள், டோக்கியோவுக்கும் போகவில்லை. இதை மறைத்துவிட்டுத் தெற்கை மட்டும் குறை சொல்வது நேர்மையல்ல. ஆனால் ஒக்டோபர் இறுதியில் அவர்கள் வடக்கு கிழக்குக்கு ஓர் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையைக் கையளித்தார்கள். அவர்கள் கேட்டது அளவுக்கு மிஞ்சியது என்று அப்போதும் பலர் சொன்னார்கள். இருக்கட்டும். முதற்தடவையாக எழுத்தில் ஒரு யோசனை மேசைக்கு வந்திருந்தது. அதை ஏற்பதா, திருத்துவதா, மறுப்பதா என்று பதில் சொல்ல ஓர் அரசாங்கம் வேண்டும்.

நொவெம்பர் 4. பிரதமர் வாஷிங்டனில் இருந்தார். சனாதிபதி பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், வெகுசன ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் எடுத்துக்கொண்டார். பாராளுமன்ற அமர்வை 19ஆம் திகதி வரை ஒத்திவைத்தார். அரச அச்சகத்துக்கும் ஒலிபரப்பு நிலையங்களுக்கும் படையினர் அனுப்பப்பட்டார்கள். இவை அனைத்தும் சட்டப்படி செய்யப்பட்டவை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விடயம். யாரும் யாப்பை மீறவில்லை. யாப்பே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

பாதுகாப்பு அமைச்சு தன்னிடம் இல்லாமல் போர்நிறுத்தத்துக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார் பிரதமர். பாதுகாப்பைத் தர சனாதிபதி தயாரில்லை. பத்து நாள் கழித்து, கொழும்பில் யார் பொறுப்பு என்று தெளிவாகும் வரை தங்கள் பணியை நிறுத்தி வைப்பதாகப் பேச்சுக்கு நடுவராக இருந்த நோர்வே அறிவித்தது. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவர்களுக்கே யாருடன் பேசுவது என்று தெரியவில்லை என்றால், எங்கள் அலுவலகத்துக் கவுண்டரில் நின்ற அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? அந்த மாதங்களில் கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள் குறைந்தன. வந்தவற்றிலும் ‘மேலதிக அறிவுறுத்தல் வரும் வரை’ என்ற சொற்கள்தான் இருந்தன. கோவைகள் அப்படியே அலுமாரியில் இருந்தன.

2004 பெப்ரவரி 7இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆறாண்டுப் பதவிக்காலத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்டு மிச்சமிருந்தது. அந்தத் தேர்தலிலும் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. சனாதிபதியின் கூட்டமைப்புக்கு 105 ஆசனங்கள். சபாநாயகர் தெரிவில் 110க்கு 109 என்று ஒரே ஒரு வாக்கில் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார். பிறகு நடந்ததை உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. அந்த மக்கள் முகாமில் கழித்த ஆண்டுகள் 27.

அந்தப் பிளவு இருந்திருக்காவிட்டால் சமாதானம் வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கொழும்பில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த இருவரில் எவருக்கும் வாக்குப் பலமாகத் தேவைப்படாத மக்களின் வேலைதான் முதலில் நின்றது என்பதை மட்டும் என் மேசையிலிருந்து கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அதைப் பாதுகாப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களுக்குத் தீங்கு செய்ய நினைத்தவரின் கையை அந்தப் பிளவு கட்டியதை நான் காணவில்லை. ஏதாவது செய்ய முனைந்தவரின் கையைக் கட்டியதைக் கண்டேன்.

வேறு கட்சிகள் என்றாலே முடக்கம் என்றும் சொல்ல முடியாது. 1994 ஓகஸ்டில் சந்திரிகா பிரதமரானபோது சனாதிபதியாக இருந்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் டி. பி. விஜேதுங்க. ஓய்வுபெறும் மனநிலையில் இருந்த அவர் குறுக்கே நிற்கவில்லை. அந்த மூன்று மாதமும் சச்சரவில்லாமல் கழிந்தன. 2015 ஏப்ரலில் சனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் நிறைவேறியபோது பாராளுமன்றத்தில் ஐக்கிய தேசியக் கட்சி சிறுபான்மையாக இருந்தது. ஆதரவாக 212 வாக்கு விழுந்தது, எதிர்த்தவர் ஒருவர். ஆக, நல்ல மனம் இருந்தால் நடக்கும். ஆனால் ஒரு மக்களின் தலைவிதியை இரண்டு மனிதர்களின் நல்ல மனத்தில் விட்டுவைக்க நான் தயாரில்லை.

2018 ஒக்டோபரை நினைத்துப் பாருங்கள். சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். இரண்டு வாரத்தில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். சபைக்குள் மிளகாய்த் தூள் வீசப்பட்டதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2003க்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். நாலரை ஆண்டு கழியும் முன் சனாதிபதி தன் விருப்பில் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் எழுதி வைத்திருந்தது. அந்த வரி இருந்ததால் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். 2003இல் அப்படி ஒரு வரி இல்லை. 2020இல் அந்த நாலரை ஆண்டை இரண்டரையாகக் குறைத்தார்கள். 2022இல் வந்த 21ஆவது திருத்தமும் அதை அப்படியே விட்டது. பாதுகாப்பு அமைச்சு இன்றும் சனாதிபதியிடமே இருக்கிறது.

சனாதிபதித் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனியாக நடக்கும் நாடு இது. 2029இலோ அதற்குப் பின்னரோ இரண்டும் இரண்டு கட்சிக்குப் போகலாம். அப்போது இதைத் திருத்த எவரிடமும் மூன்றில் இரண்டு இருக்காது. இன்று இருக்கிறது. நிறைவேற்று சனாதிபதி முறையை நீக்கி, புதிய யாப்பு கொண்டுவருவோம் என்று வாக்குக் கேட்டவர்களிடமே இருக்கிறது. அவர்களில் மூவர் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்தே தெரிவாகியிருக்கிறார்கள்.

எனவே கட்டுரையாளரிடமும், எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவரிடமும் கட்சி பாராமல் நான் கேட்பது இதுதான். புதிய யாப்பின் வரைவு எப்போது மேசைக்கு வரும் என்று ஒவ்வோர் அமர்விலும் எழுந்து கேளுங்கள். அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசும்போதே, பாதுகாப்பு அமைச்சு யாரிடம் இருக்கும், சபையின் சம்மதமின்றி யாரும் அதைக் கலைக்க முடியுமா, மாகாணங்களுக்கான பணத்தை விடுவிக்கக் கையொப்பமிடுபவர் யார் என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கி, இந்தப் பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
மல்லாகம்.